பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள்: பழைய பைனாகுலர்களில் எதை வாங்கலாம்?

பழைய பைனாகுலர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது ஒரிஜினல்தானா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மேல் தகட்டில் பொறித்திருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, இந்த விலைக்கு இதை வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். வாங்குவேன் என்றால், பெயர் பொய்யாகவே இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. மாட்டேன் என்றால், கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு அந்த எழுத்துகளுக்கே போகிறது. அப்போது அந்த எழுத்துகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பழைய பொருள் விற்கும் இடங்களில் அதிகம் கண்ணில் படுபவை: ஜெர்மனியின் யேனா நகரத்தில் செய்த ஸைஸ், ராணுவ முத்திரை குத்தியவை, ஜப்பானில் செய்து நூறு விதப் பெயர்களில் விற்றவை, சோவியத் தயாரிப்புகள், அப்புறம் ஆரம்பகால ரூஃப் ப்ரிசம் வகை, அதாவது கூரை வடிவ ப்ரிசம் வைத்த, குழாய்கள் நேராக இருக்கும் வகை. போலி என்கிற ஆபத்து எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. பெயருக்காக எங்கே கூடுதல் விலை கிடைக்கிறதோ, அங்கேதான் போலி செய்கிறவனுக்கு வேலை. பெயர் தெரியாத ஜப்பானியக் கண்ணாடியைப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்?

போலி என்பதும் ஒரே வகை இல்லை. மலிவான புதுப் பொருளில் பெரிய பெயரைப் போடுவது ஒன்று. இதைப் பிடிப்பது எளிது. உண்மையிலேயே பழைய, சாதாரணமான ஒன்றில் ராணுவ முத்திரையைப் பின்னால் குத்துவது இன்னொன்று; இது கடினம். இரண்டு உடைந்த பைனாகுலர்களிலிருந்து ஒன்றைத் தேற்றுவதும் உண்டு. அதில் எல்லாப் பாகமும் அசல், முழுப்பொருள் மட்டும் அசல் இல்லை. பொருள் அசலாகவே இருந்து விற்பவர் சொல்லும் வருடம் மட்டும் தவறாக இருப்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகம். பாதி நேரம் விற்பவருக்கே அது தெரிந்திருக்காது.

யேனா ஸைஸிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் தேடப்படுவதும் அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான். இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் ப்ரிசங்களை வைத்துத் தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்தும் முறைக்கு 1854ல் காப்புரிமை பெற்றார். அதைச் சரியான கண்ணாடியோடும் துல்லியத்தோடும் கைக்கு அடக்கமான கருவியாக்கி 1894ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது எர்ன்ஸ்ட் அபே வழிநடத்திய ஸைஸ் நிறுவனம். 1920ல் வந்த டெல்ட்ரின்டெம் 8×30 (8 மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 30 மில்லிமீட்டர்) பல பத்தாண்டுகள் ஓடியது. பின்னாளில் அதன் சிக்கன வடிவமாக யெனோப்டெம் வந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. டெல்ட்ரின்டெம் என்ற பெயருக்காக மட்டும் அதிகம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

போருக்குப் பிறகு நிறுவனம் இரண்டானது. கிழக்கில் யேனா, மேற்கில் ஓபர்கோஹன். பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு தரப்பும் பல வருடம் வழக்காடின. அதனால் மேற்கு நாடுகள் சிலவற்றுக்கு அனுப்பிய யேனா பைனாகுலர்களில் ஸைஸ் என்ற பெயரே இருக்காது. "ஆவுஸ் யேனா", அதாவது யேனாவிலிருந்து, என்று மட்டும் இருக்கும். இது போலி இல்லை, அசல். பெயர் இல்லையே என்று பலர் தாண்டிப் போவதால் சில சமயம் மலிவாகவும் கிடைக்கும். மாறாக, யேனா என்றும் மேற்கு ஜெர்மனி என்றும் ஒரே பொருளில் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

யேனா போலியைப் பிடிக்க எனக்குப் பிடித்த வழி எழுத்தைப் பார்ப்பதல்ல, உடலைப் பார்ப்பது. ஸைஸ் பாணி உடலில் முன் லென்ஸ் இருக்கும் குழாய் தனித் துண்டு. ப்ரிசம் இருக்கும் பெட்டிக்குள் அது திருகப்பட்டிருக்கும், இணைப்பு வளையம் கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்கு மேலும் கீழும் தனித்தனி மூடிகள் உண்டு. அமெரிக்காவின் பாஷ் அண்ட் லோம்ப் கொண்டுவந்த பாணியில் குழாயும் பெட்டியும் ஒரே வார்ப்பு. முன்பக்கம் இணைப்பே இருக்காது. யேனாவின் போரோ வகைகள், அதாவது போரோவின் ப்ரிசம் முறையில் செய்தவை, முதல் பாணியில் வந்தவை. ஒற்றை வார்ப்பு உடலில் கார்ல் ஸைஸ் யேனா என்று எழுதியிருந்தால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப வேண்டாம். எழுத்தைப் பொறிக்க ஒரு சின்ன இயந்திரம் போதும். உடலை மாற்ற ஒரு தொழிற்சாலை வேண்டும்.

அடுத்தது லென்ஸ் பூச்சின் நிறம். இதை எல்லா வகைக்கும் பயன்படுத்தலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸைஸில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது 1935ல். அதற்கு முந்தைய லென்ஸில் பூச்சு கிடையாது. விளக்கைக் காட்டினால் வெள்ளையாகத் திரும்ப மின்னும். ஒற்றைப் பூச்சு என்றால் நீலம், ஊதா, சில சமயம் தேன் நிறம். பல அடுக்குப் பூச்சு என்றால் பச்சை, இளஞ்சிவப்பு எனக் கலந்து, மங்கலாக மின்னும்; யேனா பைனாகுலர்களில் அது 1970களின் பிற்பகுதியில்தான் வருகிறது. எனவே "1920களில் செய்தது" என்று சொல்லப்படும் ஒன்றில் நீலம் மின்னினால், வருடம் தவறு அல்லது யாரோ பிற்பாடு பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். "1950களின் ஸைஸ்" பச்சையாக மின்னினாலும் அப்படியே. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பில் கண்ணாடி போலப் பளபளத்து, கூடவே ஸைஸ் என்று எழுதியிருந்தால், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

பூச்சு என்பது அடையாளத்துக்கு மட்டும் உதவுவதில்லை. பூச்சில்லாத ஒவ்வொரு லென்ஸ் பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எளிய போரோ பைனாகுலரில் ஒரு பக்கத்துக்கு 10 பரப்புகளாவது இருக்கும். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேராது. திரும்பிய வெளிச்சம் உள்ளே சுற்றிப் பிம்பத்தை வெளிறவும் வைக்கும். அலமாரியில் வைக்க என்றால் பூச்சில்லாத பழசு அழகுதான். பறவை பார்க்க என்றால் பூச்சு உள்ள காலத்தில் இருந்து தேடுங்கள்.

ராணுவ முத்திரை உள்ளவற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் தயாரிப்பாளர்கள் பெயருக்குப் பதிலாக மூன்றெழுத்துக் குறியீடு போட்டார்கள். பிஎல்சி (blc) என்றால் யேனா ஸைஸ், பிஇஹெச் (beh) என்றால் லைட்ஸ், சிஏஜி (cag) என்றால் ஸ்வரோவ்ஸ்கி. கூடவே "டீன்ஸ்ட்கிளாஸ் 6×30" என்று, அதாவது பணிக்கான கண்ணாடி என்று, இருக்கும். பிரிட்டிஷ் பொருளில் மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகன்ற அம்பு உண்டு. அம்புகள் இரண்டு முனையோடு முனை முட்டினாற்போல் இருந்தால் ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். அமெரிக்கப் பொருளில் எம்3, எம்17 போன்ற மாதிரி எண்கள் இருக்கும். இங்கே ஒரு வேடிக்கை: எம்3 சிலவற்றில் நாஷ்-கெல்வினேட்டர் என்று இருக்கும். கார், ஃப்ரிட்ஜ் செய்த கம்பெனி. இதைப் பார்த்துப் போலி என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் போர்க்காலத்தில் அவர்கள் உண்மையிலேயே செய்தார்கள்.

இந்த வகையில் கவனமாக இருக்க வேண்டியது கழுகு, நங்கூரம் போன்ற சின்னங்களில். சாதாரணப் பழைய பைனாகுலரில் ஒரு கழுகைக் குத்தினால் விலை பல மடங்கு ஏறும் என்பதால் குத்துகிறார்கள். உருப்பெருக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு முத்திரையின் விளிம்பைப் பாருங்கள். எழுபது, எண்பது வருடம் கைபட்ட பொருளில் மற்ற மூலைகளெல்லாம் தேய்ந்து பித்தளை தெரிய, சின்னம் மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் கூர்மையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குத்தும்போது பெயிண்ட் வெடித்திருந்தால், பெயிண்ட் அடித்த பிறகு குத்தியது என்று அர்த்தம். பள்ளத்துக்குள் அழுக்கே இல்லாமல் உலோகம் பளிச்சென்று தெரிந்தாலும் சந்தேகம்தான்.

இன்னொரு விஷயம், ராணுவக் கண்ணாடிகளில் நிறைய ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் குவியம் வைக்க வேண்டியவை. கடல், வானம் என்று தொலைவில் உள்ளதைப் பார்க்க ஒருமுறை வைத்தால் போதும். அங்கே அது வசதிதான். கிளைக்குக் கிளை தாவும் குருவிக்கு வேலைக்காகாது. ஒரு பக்கத்தில் அளவுகோல் கோடுகளும் தெரியும். சேகரிப்பவருக்கு அது பெருமை, பார்ப்பவருக்குத் தொந்தரவு. என் கருத்தைக் கேட்டால், சின்னத்துக்குத் தனியாகப் பணம் தராதீர்கள். முத்திரை இல்லாத அதே மாதிரியின் விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள்.

ஜப்பானியக் கண்ணாடிகள் இதற்கு நேர் எதிர். 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட ஏற்றுமதிப் பொருள்களில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். காலத்தைச் சொல்லும் நல்ல முத்திரை அது. அதற்குப் பிறகு வந்த பலவற்றில், கீலின் முன்பக்கமோ அடியிலோ, ஜேபி (JB) என்ற எழுத்துகளோடு ஒரு சின்ன எண் இருக்கும். உடலைச் செய்த பட்டறையின் குறியீடு. மேல் தகட்டில் இருக்கும் கடைப் பெயர் எதுவாக இருந்தாலும், பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அந்தச் சின்ன எண் சொல்லிவிடும். ஏற்றுமதிச் சோதனையில் தேறியதற்கான முட்டை வடிவப் பொன்னிற ஸ்டிக்கர் சிலவற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கர் இல்லை என்பதால் ஒன்றுமில்லை, அது உதிர்கிற பொருள்தான்.

இவற்றில் பிரச்சினை போலி இல்லை, தர வேறுபாடு. ஒரே காலத்தில், ஒரே தோற்றத்தில், ஒன்று அருமையாகவும் இன்னொன்று மோசமாகவும் இருக்கும். பெயரைப் பார்த்து முடிவு செய்ய வழியே இல்லை. கண்ணில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கட்டைவிரல் சோதனை இங்கே தானாகவே நடந்துவிடுகிறது. 7×35 அளவில், அகலப் பார்வை கொண்ட பழைய ஜப்பானியக் கண்ணாடி நல்ல நிலையில் அமைந்தால், அந்தப் பணத்துக்கு அதைவிட நல்லது வாங்குவது கஷ்டம்.

சோவியத் தயாரிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கஜான், ஜாகோர்ஸ்க் ஆலைகளில் செய்தவை உறுதியானவை. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் வருடத்தைக் குறிக்கும்: 78 என்று தொடங்கினால் 1978. வேறு எந்த வகையிலும் இவ்வளவு சுலபமாகக் காலம் தெரியாது. பிம்பத்தில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. சிலருக்கு அது பிடிக்காது, பனிமூட்டத்தில் பார்ப்பவர்கள் அதையே விரும்புவார்கள். ஒரே எச்சரிக்கை, இவற்றின் தகட்டைச் சுரண்டி ஸைஸ் ஆக்குவதும், ஜெர்மன் கடற்படைச் சின்னம் குத்துவதும் நடக்கிறது.

ரூஃப் ப்ரிசம் வகையில் ஸைஸின் டயாலிட், லைட்ஸின் டிரினோவிட் ஆகியவைதான் ஆசையைத் தூண்டுபவை. நேரான, மெலிந்த குழாய்கள்; கையில் எடுத்தாலே வைக்க மனம் வராது. ஆனால் ரூஃப் ப்ரிசத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து, அலைகள் சரியாக ஒத்துப்போகாமல் சேர்வதால் (இதைக் கட்டச் சிதைவு என்பார்கள்) நுணுக்கம் கொஞ்சம் மழுங்கும். அதைச் சரிசெய்யும் பூச்சை ஸைஸ் 1988ல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தையது ஒன்றை ஒரு நல்ல போரோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவான போரோ ஜெயிப்பதைப் பார்க்கலாம். பழுதுபார்ப்பதும் கடினம்; குறிப்பாகப் பழைய டிரினோவிட்டில் இருக்கும் உப்பெண்டால் என்ற தனி வகை ப்ரிசத்தைத் தொட எல்லாரும் முன்வர மாட்டார்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் இந்த வகையில் ஒரு லாபம் உண்டு. டயாலிட்டில் பி (B) என்ற எழுத்து இருந்தால் மூக்குக்கண்ணாடியோடு பார்க்க ஏற்றது. பழைய போரோக்கள் பெரும்பாலானவற்றில் கண்ணை லென்ஸோடு ஒட்ட வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும்.

சரி, பொருள் கையில் இருக்கிறது. அசல் என்றும் தெரிந்துவிட்டது. அசலான குப்பையும் உண்டு என்பதால் இனிதான் வேலை.

முதலில் டார்ச். முன் லென்ஸ் வழியாக வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு, மறுபக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். தூசி இருந்தால் கவலை வேண்டாம். பழசில் தூசி இல்லாமல் இருக்காது. சிலந்திவலை போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அது பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. சீரான வெண்புகைப் படலம் என்றால் கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. அது சுத்தம் செய்தால் போய்விடும். முன் லென்ஸின் ஓரத்தில் வானவில் நிறத்திலோ நட்சத்திரம்போலவோ ஏதாவது தெரிந்தால், ஒட்டிய இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே பசை விட்டுப்போகிறது. அதை விட்டுவிடுவதே நல்லது.

அப்புறம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி கண்பக்க லென்ஸைக் கவனியுங்கள். சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அதன் விட்டம், முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 8×30 என்றால் சுமார் 3.75 மில்லிமீட்டர், 7×50 என்றால் 7க்குச் சற்று அதிகம். ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். "30×60" என்று எழுதிய ஒன்றில் வட்டம் 2 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். 5 இருந்தால் அது 12 மடங்குக் கண்ணாடி, மேலே எழுதியது பொய். வட்டம் சதுரமாக ஓரம் வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் ப்ரிசக் கண்ணாடி சாதாரண வகை. பழைய அசல்களிலும் அது உண்டு என்பதால், அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

கடைசியாக இரண்டு பக்கமும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்பது. தூரத்துக் கூரைவிளிம்பு போன்ற கிடைக்கோட்டைப் பார்த்தபடி பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து விலக்குங்கள். இடது, வலது பிம்பங்களில் கோடு ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தால் கீழே விழுந்த கண்ணாடி. கண் அதைச் சமாளிக்கப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். மேல்கீழ் விலகலைக் கண்ணால் மிகக் கொஞ்சம்தான் பொறுக்க முடியும். சரிசெய்ய ஆகும் கூலி, பெயர் தெரியாத கண்ணாடியின் விலையைத் தாண்டிவிடலாம். திருகுகளின் தலையையும் பாருங்கள். சிராய்த்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு வேலை தெரிந்ததா என்பதைக் கூரைக்கோடு சொல்லும்.

எங்கே வாங்குவது? படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினால் தேர்வு அதிகம், சோதனை குறைவு. மேல் தகடுகள், விளக்கு மின்னும் முன் லென்ஸ், கண்பக்க வெளிச்ச வட்டம், டார்ச் விட்ட உள்பகுதி, இந்தப் படங்களைக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் எடுத்து அனுப்புவார். வரிசை எண்ணைத் தேடிப் பாருங்கள். அதே எண் வேறொருவர் விற்பனைப் படத்திலும் இருந்தால் தெரிந்துவிடும். பழம்பொருள் சந்தையில் நேரில் வாங்கினால் எல்லாச் சோதனையும் செய்யலாம், ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாது. பழுதுபார்ப்பவர் சுத்தம் செய்து, பிம்பம் சேர்த்து விற்பது விலை கூடுதல். யேனா 8×30ஐ நான் அவரிடம்தான் வாங்கச் சொல்வேன். ராணுவ முத்திரை என்றால் நேரில் மட்டும். ஜப்பானியதைத் திருப்பித் தரும் வசதி இருந்தால் இணையத்தில் வாங்கலாம்.

தினமும் பார்க்க ஒன்று வேண்டும், மூக்குக்கண்ணாடி இல்லை என்றால், சர்வீஸ் செய்த யேனா 8×30 என் முதல் தேர்வு; பெயருக்கு மெனக்கெடாதவருக்கு ஜப்பானிய 7×35. மூக்குக்கண்ணாடி உள்ளவர் 1988க்குப் பிந்தைய டயாலிட்டுக்குக் காத்திருக்கலாம், இல்லையென்றால் பழசு என்ற ஆசையையே விட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம். மழையிலும் புழுதியிலும் அலைபவருக்குச் சோவியத். ராணுவக் கண்ணாடி சரித்திரம் பிடித்தவருக்கு மட்டும்.

எதை வாங்கினாலும், அதோடு வரும் தோல் பெட்டியில் போட்டு மூடி வைக்க வேண்டாம். ஈரம் குடித்த பழைய தோல்தான் பூஞ்சைக்கு வீடு. பெட்டியைத் தனியாக வையுங்கள், சேகரிப்பவரிடம் விற்கும்போது அதற்கும் விலை உண்டு. கழுத்துப் பட்டையை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இற்றுப்போன தோல் சொல்லாமல் அறும்.